எட்டாம் படுக்கையின் கதவு

கை கழுவ நாற்பது நொடி ஆகும். பெரும்பாலானோர் பத்து நொடியில் முடித்துக்கொண்டு ஈரக் கையை உடையில் துடைத்துவிடுகிறார்கள். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அது நடக்காது. தலைமை நர்ஸ் நான். பின்னால் நின்று எண்ணுவேன். அதனால் எனக்கு 'சோப்பு அக்கா' என்று பெயர். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு என் காதில் விழும்படியே சொல்வார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது எட்டாம் படுக்கையைப் பற்றி. அதற்கு முன் போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டியது. கையுறைகூட மாட்டாமல் ஓடினேன். பிழைத்துக்கொண்டார். அவருக்கு வைரஸ் தொற்று என்று மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அதே கையோடு பக்கத்துப் படுக்கைகளையும் பார்த்திருந்தேன். மூன்று பேர் போய்விட்டார்கள். பெரிய டாக்டர் தோளைத் தட்டி, "விடும்மா, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். என் கையில்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை, சாப்பாடு உட்பட.

பிறகு விதிகளை நானே எழுதினேன். தொற்று உள்ளவருக்குக் கடைசிக் கண்ணாடி அறை, அதாவது எட்டாம் படுக்கை. உள்ளே போகிறவர் கவுன், கையுறை, முகக்கவசம் எல்லாம் போட வேண்டும். சரியாகப் போட நான்கு நிமிடம். கதவு திறப்பதே ஆபத்து என்பதால், மருந்து, ஊசி, உடம்பு துடைப்பது எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கச் சொன்னேன். நாளுக்குப் பதினெட்டு முறை திறந்த கதவு ஆறு முறையானது, அப்புறம் நான்கு.

எட்டாம் படுக்கைக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஓயாமல் மணி அடிப்பார். தாகம் என்பார், குளிர் என்பார். மணியை எடுத்து அவர் கைக்கு எட்டாமல் மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார். அவருடைய மகள் தினமும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"அப்பா எப்படி இருக்காரு சிஸ்டர்?"

"நல்லா இருக்காரும்மா. உனக்குக் கை ஆட்டுறாரு பாரு."

அவளும் திரும்பக் கை ஆட்டிவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவருடைய ஆக்சிஜன் குழாய் முகமூடியிலிருந்து கழன்றுவிட்டது. கருவி கத்தியது. டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் கதவை நோக்கி ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, குழாய்தான் கழண்டிருக்கு. ஒரே செகண்ட்ல மாட்டிட்டு வந்துடுறேன்."

"முதல்ல கவுன் போடு."

போட்டாள். அவசரத்தில் முடிச்சு தளர்வாக விழுந்தது. அவிழ்த்துக் கட்டச் சொன்னேன். முகக்கவசம் மூக்கின் மேல் சரியாக உட்காரவில்லை. அதையும் கழற்றச் சொன்னேன். கழற்றினால் மறுபடி கை கழுவ வேண்டும். அழுதுகொண்டே கழுவினாள். நான் நாற்பது வரை எண்ணினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபதுக்குப் பிறகு தட்டவில்லை. அவள் உள்ளே போனபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

மற்ற ஏழு படுக்கைகளிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று இருக்கிறது. நீங்களாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவருடைய மறுபரிசோதனை முடிவு அன்று காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. தொற்று முழுவதும் நீங்கிவிட்டது என்று இருந்தது. படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். மருத்துவமனைக்கு அந்த ஒரு முடிவு போதும். என் விதிக்கு இரண்டு வேண்டும். அந்தப் பெண் வெறும் கையோடு ஓடியிருக்கலாம். அவளைப் பிடித்து நிறுத்தியபோது அது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அய்யா. எட்டாம் படுக்கைக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: இந்த மாதம் எங்கள் பிரிவில் தொற்றால் ஒருவர்கூடச் சாகவில்லை.