ஆல்மா தெருவின் முன்கதவு

டிசம்பர் மாதம். மாலை நான்கரை மணி. எங்கள் நியூகாசிலில் அந்த நேரத்துக்கே நன்றாக இருட்டிவிடும். ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் கருங்கல் பாவிய ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. பாலத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்...

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாளை யார் பருமனாக வளர்த்தார்கள் என்று பார்க்கும் போட்டிக்கு முந்தின இரவு அது. தோட்டக் குடிசையில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி நான்கு பேர் ஒண்டியிருந்தோம். கண்ணயர்ந்தால் எவனாவது வேலி தாண்டி வந்து, வருடம் முழுக்க வளர்த்த செடியில் கத்தியைப் போட்டுவிடுவான்.

"பேய்க் கதையா?" என்றான் ஜெஃப். "போன வருஷம் நீ சொன்ன பேய்க்கு என் நாய்கூட காதைத் தூக்கல."

"இது நம்ம ரேயோட அக்காவுக்கு நடந்தது. ஐலீனுக்கு."

ஜெஃப் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஐலீனை அவனுக்குத் தெரியும்.

அவர்களுடைய அப்பா வில்ஃப். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். வயதான பிறகு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. செத்துப்போன மனைவியை மறந்தார். மகன் ரேயைப் பார்த்து, மின்சாரக் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்தார். மிச்சமிருந்தது ஒரே பெயர்... ஐலீன். அவள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் சாப்பிடுவார், தூங்குவார். அந்தப் பெயரும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளைத் தின்றது.

அதனால் சனிக்கிழமைதோறும், அவர் சின்ன வயதில் வளர்ந்த பழைய தெருக்களுக்கு அவரைக் கூட்டிப்போனாள். விக்டோரியா காலத்துச் செங்கல் வரிசை வீடுகள், ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள், வீடுகளின் முதுகோடு ஓடும் பின்சந்துகள். அங்கே நடக்கும்போது மட்டும் அவருக்கு முகம் தெளியும். "இங்க குதிரைக்கு லாடம் அடிப்பாங்க" என்பார். "இந்தத் திருப்பத்துல வழுக்கும், பாத்து வா ஐலீன்."

அன்று பாலத்துக்கு அடியில் அவளுடைய கையுறை விழுந்தது. குனிந்தாள். எடுத்தாள். நிமிர்ந்தபோது அப்பா இல்லை.

அவர் மேலே வெறும் கம்பளிச் சட்டை. கோட்டு அவள் கையில் இருந்தது. உறைபனி விழத் தொடங்கியிருந்தது.

கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். முன்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஆணி அடித்த பூட்ஸ், கல்லில் மோதும் சத்தம். டக்... டக்... அதைப் பின்தொடர்ந்து மூன்று நான்கு சந்துகள் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அப்பா போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

பின்கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எங்கள் ஊரில் வீட்டு மனிதர்கள், பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் பின்வாசல்தான். முன்கதவு டாக்டருக்கும் போலீசுக்கும் சவப்பெட்டிக்கும். வில்ஃப் எந்த வீட்டுக்குள் போயிருந்தாலும் பின்னால்தான் போயிருப்பார்.

ஆல்மா தெருவின் பின்சந்தில் ஒரு கதவு திறந்திருந்தது.

முதலில் வாசனை. நிலக்கரிப் புகை. அந்தப் பக்கம் கரி எரிப்பதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிறது. அப்புறம் சோப்பும் ஈரத்துணியும். சின்ன முற்றத்தில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, துணி பிழியும் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிரீச்... கிரீச்... அவளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல். ஜன்னலுக்குள், நெருப்புப் பக்கத்தில், வில்ஃப். டீயைச் சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

"அது எங்கப்பா" என்றாள் ஐலீன். மூச்சு வாங்கியது.

"தெரியும் கண்ணு. உள்ள வா, குளிருது." அந்தப் பெண் திரும்பவில்லை.

ஐலீன் முப்பது வருடமாக அடுக்குமாடியில் இருந்தவள். ஒரே கதவு, ஒரே மணி. முன்பின் தெரியாத வீட்டில் கொல்லைவழியாக நுழைய அவளுக்குக் கூசியது. அந்த முதுகைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"இல்லீங்க... நான் முன்பக்கமா சுத்தி வந்துடுறேன்."

உருளை நின்றது.

"உன் இஷ்டம்" என்றாள் அந்தப் பெண்.

"பின்வாசலை விட்டுட்டுப் போறாளே, பைத்தியக்காரி" என்று முணுமுணுத்தான் ஜெஃப். அடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

வரிசையின் கடைசிவரை ஓடி, தெருவுக்குள் திரும்பினாள். அங்கே ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. வீட்டை எண்ணிக் கண்டுபிடித்து, பித்தளை வளையத்தால் தட்டினாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வில்ஃப்.

"அப்பா, நான்தான். கோட்டைப் போட்டுக்கங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் மரியாதையாகப் பார்த்தார்.

உள்ளேயிருந்து பெண் குரல்: "யாருடா முன்னால?"

"யாரோ தெரியாதவங்கம்மா" என்றார் வில்ஃப்.

கதவு மூடியது. மேல் தாழ்ப்பாள்... கீழ்த் தாழ்ப்பாள்...

விரல்முட்டி கிழியும்வரை தட்டினாள். கெஞ்சினாள். ரோந்து வந்த போலீஸ்காரர் அவளைப் பிடித்து நிறுத்தியபோது அவள் தட்டிக்கொண்டிருந்தது கதவை அல்ல. குறுக்கே அடித்திருந்த பலகையை.

"இந்த வரிசையில குடியிருப்பே இல்லம்மா" என்றார் அவர். "இடிக்கப் போறாங்க."

பின்சந்துக்கு அவரை இழுத்துப்போனாள். கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. பூச்சில் பாசி.

விடியற்காலையில், ஆற்றோரப் பேருந்து நிறுத்தத்தில் வில்ஃபைக் கண்டுபிடித்தார்கள். பெஞ்சு முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. அவர் உடம்பு சூடாக இருந்தது. யாரோ தலையைத் தண்ணீர் தொட்டு வகிடெடுத்து வாரியிருந்தார்கள்.

ரேயைப் பார்த்ததும் சிரித்தார். "தாடி என்னடா இது, திருடன் மாதிரி?" ரே அங்கேயே உட்கார்ந்து அழுதான். மனைவி பெயர், பேரப்பிள்ளைகள் பெயர், கூட வேலை பார்த்தவர்கள் பெயர்... எல்லாம் திரும்பியிருந்தது. ஐலீன் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் மெதுவாக அவள் கைகளை விலக்கினார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க யாரு?"

டாக்டர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். அவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஐலீன் தினமும் போகிறாள். புகைப்படம் காட்டினாள், பாட்டுப் போட்டாள், மண்டியிட்டுக்கூடக் கேட்டாள். ஒரு நாளும் விடவில்லை.

போன வாரமும் போனாள். வில்ஃப் வழக்கம்போல அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதா? என் மகளைப் பாத்திருக்கலாம். ஐலீன்னு பேரு. தினமும் வந்து உக்காந்துட்டுப் போவா. இப்பத்தான் எந்திரிச்சுப் போனா."

பணிப்பெண்ணிடம் கேட்டாள். காலையிலிருந்து அந்த அறைக்கு யாரும் வரவில்லை என்றாள் அவள்.

ஐலீன் கட்டிலருகே இருந்த நாற்காலியில் கை வைத்துப் பார்த்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.