மூணு பேர் பாத்த படம்

…அதான் கேக்குறேன் மேடம், அப்புறம் மூணு பேப்பர் எதுக்கு? இங்க பாருங்க. காலைப் பேப்பர், மாலைப் பேப்பர், நேத்து வரைக்கும் இது ரெண்டையும் கிழிகிழின்னு கிழிச்ச பேப்பர்… மூணுலயும் ஒரே தலைப்பு! கப்பல் படத்த இடவலமா மாத்திப் போட்டிருக்கான் பாருங்க, மூணுலயும் அதே கூத்து! பேப்பர், டிவி, போனுக்கு வர்ற நெட்டு, எல்லாத்தையும் ஒரே கம்பெனி வாங்கிப் போட்டுடுச்சு. ஒருத்தன் கொட்டாவி விட்டா ஊரே வாயத் தொறக்குது. பாக்குறதுக்குன்னு தனியா ரெண்டு கண்ணு வேண்டாமா மனுஷனுக்கு?

உக்காருங்க உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இந்தப் பக்கம் சாயாதீங்க. கணக்குப் பிரிவுலேர்ந்து தூக்கி இங்க போட்டுட்டாங்களா? என்னையும் அப்படித்தான். நான் மாலைப் பேப்பர்ல உதவி ஆசிரியர். இதோ தூங்குறாரே, இவரு கார்ட்டூன் போட்டவரு. இந்தக் கம்பெனி முதலாளிய மூக்கு நீளமா வரைஞ்சவரு, இப்ப அவர்கிட்டயே சம்பளம்!

வேலை ஒண்ணும் பெரிசில்ல. வானத்துலேர்ந்து எடுத்த படம் வரும். ராணுவத்துக்காம். எது பீரங்கி, எது டிராக்டர்னு கம்ப்யூட்டருக்கு நாம சொல்லிக் குடுக்கணும். அது கத்துக்கிட்டு, அப்புறம் தானே மேலேர்ந்து பாத்து… ம்… பாக்கும். பாத்துட்டு என்ன பண்ணும்னு நான் கேக்கல. கேட்டா சோறு எறங்காது.

ஒரு படத்த மூணு பேர் தனித்தனியா பாக்கணும். பேசிக்கக் கூடாது, அது சட்டம். மூணு பேரும் ஒத்துப்போனா படம் நேரா உள்ள போயிடும். ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் செவப்பு விளக்கு எரியும், மறுபடி பாக்கணும், விளக்கம் எழுதணும், மேனேஜர் வருவாரு… வீட்டுக்குப் போன மாதிரிதான்! அதனால ஒரு சின்ன ஏற்பாடு. நான் பாத்துட்டுத் தொண்டையக் கனைப்பேன். ஒரு தடவைன்னா பீரங்கி. ரெண்டு தடவைன்னா சும்மா வண்டி. இவரு கண்ணத் தொறக்காமலே அமுக்கிடுவாரு. உங்க எடத்துல இருந்தவரும் அப்படித்தான். தங்கமான மனுஷன்.

அவர வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்களே, அது ஒரு வயித்தெரிச்சல். போன வாரம் அதிகாரிங்க முன்னாடி சோதனை. மைதானத்து ஓரமா அவங்களுக்கே சமையல் நடக்குது, புகைக்குழாய் வெச்ச வண்டியில. மேல பறந்த மெஷின் பாத்துச்சு… பீரங்கின்னு போட்டுத் தள்ளிடுச்சு! நல்லவேளை, குண்டுக்குப் பதில் சாயத்தண்ணி. அத்தன சோறும் பச்சை! தளபதி மீசை பச்சை!

மேனேஜர் வந்து குதிக்கிறாரு. தோண்டிப் பாத்தா, குழாய் வெச்ச வண்டி அத்தனைக்கும் மூணு பேரும் பீரங்கின்னு சொல்லியிருக்கோம். "மூணு பேர் தனித்தனியா பாத்தது எப்படி சார் தப்பாகும்?"னேன். மனுஷன் ஃபைல மூடிட்டாரு! அந்த நல்லவருதான் "நான் தூங்கிட்டேன் சார்"னு உண்மையச் சொல்லித் தொலைச்சாரு.

நான் பாத்தேனான்னு கேக்குறீங்களா? நீளமா இருந்துச்சு, கனைச்சேன். சரி… சரியா பாக்கல. போதுமா? சமையல்காரரு அந்த நேரம் வெங்காயம் எடுக்க வண்டிக்குள்ள போயிருந்தாராம். சாயத்தண்ணியா இல்லாம இருந்திருந்தா…

விடுங்க. படம் வந்துடுச்சு. ம்க்கும்.

அமுக்குங்க மேடம். என்ன உத்து உத்துப் பாக்குறீங்க? ஒரு கனைப்புதானே, பீரங்கி!

அய்யய்யோ, "சும்மா வண்டி"ன்னு அமுக்கிட்டீங்களே! எரியுது பாருங்க செவப்பு விளக்கு! காலங்காத்தால விளக்கம் எழுதணுமா நான்? என்ன… படத்தப் பெரிசு பண்ணணுமா? பண்ணுங்க. எங்க? இந்தக் குழாய்தானே?

…ஏணி. வண்டி மேல சாத்தின ஏணி. யாரோ அதுல ஏறிச் சுவத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க. கீழ சின்னதா ஒரு புள்ள, ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிக்குது…

…மாத்திட்டேன் மேடம்.

யோவ் கார்ட்டூனு! எந்திரிய்யா! நீயும் மாத்து. என்னது, படத்தக் காட்டணுமா? நீ எதுக்குய்யா பாக்கணும்? மேடம் எத அமுக்கினாங்களோ அதையே அமுக்கு!