மாப்பிள்ளைக்குக் குளிர் ஆகாது

ஃபைட்டர் மீனை வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுவது நல்லது. வீட்டில் வளர்க்கும் மீன் பசியால் சாவது குறைவு. கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும். பாவம் என்று நாம் இன்னும் நாலு தீனி உருண்டை போடுவோம். வயிறு ஊதிச் சாய்ந்துவிடும். நான் அளவுக்கு மேல் ஓர் உருண்டைகூடப் போட்டதில்லை. கவனக்குறைவால் நடந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, சார். அதற்காகத்தான் சொல்கிறேன்.

மீன் வேண்டும் என்று கேட்டது என் மனைவி. நுரையீரல் கெட்டுக் கட்டிலோடு ஆனபின் கேட்டாள். நீல நிறம். துடுப்புகள் உடம்பைவிட நீளம். பார்த்ததும் சிரித்தாள்.

"கல்யாண மாப்ள மாதிரி துணிய இழுத்துக்கிட்டுத் திரியுறான். இவன் யாரோட சண்டை போடப்போறான்?"

அன்றிலிருந்து அதன் பெயர் மாப்பிள்ளை. "மாப்ள சாப்டாரா?" என்று கட்டிலிலிருந்தே விசாரிப்பாள்.

நீளத் துடுப்புள்ள மீனைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. துடுப்பின் பாரத்தால் அதிக நேரம் நீந்தாது. மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும், அதனால் தண்ணீர் ஆழமாக இருக்கக் கூடாது. நடுவில் இளைப்பாற ஓர் அகல இலை வைத்தேன். ஃபில்டர் தண்ணீரின் வேகம் மீனை அலைக்கழிக்காமல் குழாய் வாயில் பஞ்சு கட்டினேன். பிளாஸ்டிக் செடியின் ஓரம் துடுப்பைக் கிழிக்கும் என்று துணிச்செடி வாங்கினேன். குளிர்தான் ஆகாது. குளிர்ந்தால் சுருண்டு கிடக்கும்; துடுப்பின் ஓரம் அழுகத் தொடங்கும். அதற்காகத் தொட்டியில் ஒரு ஹீட்டர் போட்டிருந்தேன்.

அவளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். வேளைக்குக் கஞ்சி, மாத்திரை. முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பேன். ஆக்சிஜன் மெஷினுக்காகவே ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கினேன். ஒரே ஒரு பிளக்தான் சொருக முடியும். மெஷின் இல்லாமல் அவளால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலை அவள் தம்பியிடம் போனில் பேசினாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து திரும்பிவிட்டது அவளுக்குத் தெரியாது.

"நல்லாத்தான்டா பாத்துக்குறாரு. மீனப் பாத்துக்குற மாதிரி. தொட்டியத் தொடைக்கிறாரு, என்னையும் தொடைக்கிறாரு. ஒரு வார்த்தை பேசினாத்தான் என்ன? அம்மாகிட்ட வந்துடுறேன்டா. சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போ." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "மாப்ளையையும் எடுத்துக்குறேன். அவனாவது மனுஷங்க பேசுறதக் கேக்கட்டும்."

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் பேசினாள். கஞ்சி வைத்தேன். குடித்துவிட்டுத் தூங்கினாள்.

மத்தியானம் மழையோடு கரண்ட் போனது. யூ.பி.எஸ். பீப் பீப் என்றது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த அறையில் தொட்டியைப் பார்த்தேன். ஹீட்டர் நின்றிருந்தது. சின்னத் தொட்டி, சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று தோன்றியது.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கினால் அது அலறும். அவள் தூக்கம் கெடும். அதனால் முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகு பிளக்கை எடுத்தேன். யூ.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து ஹீட்டரைச் சொருகினேன்.

சத்தம் நின்றதுமே அவள் விழித்துக்கொண்டாள்.

"ஏங்க, மெஷின் ஓடல."

"கரண்ட் போயிடுச்சு."

அது பொய்யில்லை.

"கதவுக்குப் பின்னாடி சிலிண்டர் இருக்குல்ல, எடுத்துட்டு வாங்க."

"வரேன்."

ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவள் கை அதற்கு எட்டாது.

பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டினாள். அது இரும்புக் கட்டில். வீடு முழுக்கக் கேட்கும். வேகமாகத் தட்டினாள், பிறகு விட்டுவிட்டு. நான் தொட்டியின் கண்ணாடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என் கைக்கு எதிரே வந்து துடுப்பை விரித்துக் காட்டியது.

கரண்ட் வந்ததும் மெஷினைச் சுவரில் சொருகி ஓடவிட்டேன். மூக்கிலிருந்து விலகியிருந்த டியூபைச் சரி செய்தேன். போர்வையையும்.

ஹீட்டரை மட்டும் யூ.பி.எஸ்ஸிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். மச்சான் வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு மெஷின் சுவரில் சொருகியிருப்பதைப் பார்த்து யூ.பி.எஸ்ஸைத் தேடி வந்தான்.

"மாமா, இதுல ஏன் மீன் தொட்டி வயரு சொருகியிருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டான். நல்ல பையன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான்தான் பிடுங்கினேன். ஆனால் திரும்பச் சொருகுவதாகத்தான் இருந்தேன். ஹீட்டரின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு உண்டு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் எரியும். போதிய சூடு ஏறியதும் அணையும். அணைந்ததும் பிளக்கை மாற்றிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று அது எரியவே இல்லை.

அவள் தட்டுவதை நிறுத்தியபோதும் நான் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றும்போது கவனம் சிதறக் கூடாது, சார்.