தொப்புள்கொடித் தாயத்து

இரவு இரண்டு மணி இருக்கும். மெர்போக் பக்கம் ஒரு தோட்டச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை... விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஒருவன் தனியாக மோட்டார் சைக்கிளில் போகிறான். பின்னால் மண்வெட்டி கட்டியிருக்கிறது. சட்டைப் பையில் ஒரு தாயத்து. போகிற இடம் இடுகாடு.

மெலிசா, போனைக் கீழே வை. ஃபேக்டரி வேன் இப்போதைக்குக் கிளம்பாது. டிரைவர் அண்ணன் மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார், அது வரைக்கும் இந்த இருட்டில் என்ன செய்யப் போகிறோம்? கழுத்திலிருக்கிற அந்தோணியார் பதக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் பிடித்துக்கொள். நான் சிரிக்க மாட்டேன்.

அவன் பெயர் காளிதாசன். நம் கையுறை ஃபேக்டரி லைனில் என்னோடு நிற்கிறாளே மருதம்மாள், அவளுடைய தம்பி. லாரி ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி. அவன் மனைவி சாந்தினிக்கு இரட்டை ஆண் பிள்ளை பிறந்தது. மூத்தவன் வசந்தன், இளையவன் விக்னேஸ்வரன். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் இரண்டையும் பஞ்சில் சுற்றி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். இந்தப் பக்கம் மூத்தவனுடையது, அந்தப் பக்கம் இளையவனுடையது.

வசந்தனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே ராத்திரி... போய்விட்டான்.

செத்த பிள்ளையின் கொடி வீட்டில் இருக்கக் கூடாது. அதோடு குழிக்குள் போக வேண்டும். சாந்தினி எழுந்து போய் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அழவில்லை. அன்றைக்கு அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை என்றாள் மருதம்மாள். காப்பி கொடுத்தால் குடித்தாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள்.

மிச்சமிருந்த கொடியை வைத்துத் தாயத்து செய்தார்கள். சுங்கை பட்டாணி டவுனில் வாங்கிய வெள்ளிக் குழல். தோட்டத்து முனியாண்டி கோவில் பூசாரி பழனியாண்டி கொடியை உள்ளே வைத்து, திருநீறு போட்டு, அரக்கை உருக்கி வாயை அடைத்தார். ஒரு ராத்திரி முழுக்க சாமி காலடியில் கிடந்தது. மறுநாள் கறுப்புக் கயிற்றில் கோத்து விக்னேஸ்வரன் இடுப்பில் கட்டினார்கள். ஒரு பிள்ளையாவது நிலைக்கட்டும் என்றுதான்.

கட்டிய அன்றைக்கே ஆரம்பித்தது. ஸ்பிரிங்கில் தொங்குகிற சாரோங் துணித் தொட்டில்தான் அவர்கள் வீட்டிலும். பிள்ளை கனத்துக்குக் கொஞ்சம்தான் இறங்கும். அன்று தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியது. க்ரீக்... க்ரீக்... ஆட்ட ஆளே இல்லை. சாந்தினி எட்டிப் பார்த்தாள். ஒரு பிள்ளைதான். ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டுப் படுத்திருந்தது.

சோறு ஊட்டுகிற வயது வந்தது. ஒரு வாய் வாங்குவான். அடுத்த வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்வான். பக்கத்தில் திரும்பிப் பார்ப்பான்... காத்திருப்பான்... அப்புறம்தான் மறுபடி வாயைத் திறப்பான். நாளாக நாளாக இளைத்துக்கொண்டே போனான். கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். இடுப்பில் இருந்த தாயத்தை முகர்ந்தால் ஈர மண் வாடை அடித்தது.

பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் தாயத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"ஏம்மா, உள்ள இருக்கறது எந்தப் பிள்ளயோட கொடி?"

"தெரியல சாமி," என்றாள் சாந்தினி. "அன்னிக்கு டப்பாவுல கைய விட்டேன். ஒண்ணு வந்துச்சு. குடுத்துட்டேன்."

"செத்தவனோடதா இருந்தா, அவன இதுதான் இங்க புடிச்சு வச்சிருக்கு. கொண்டு போயி அவன் குழியில வச்சிரணும்."

"இருக்கறவனோடதா இருந்தா?" என்று காளிதாசன் கேட்டான்.

"இவனயே கொண்டு போயி வைக்கற மாதிரி தம்பி."

பிரித்துப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. காய்ந்த கொடி எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். காளிதாசன்தான் முதலில் சொன்னான்.

"சும்மா இருந்தாலும் போயிருவான் லா. எலும்புதான் இருக்கு, பாரு."

"ம்," என்றாள் சாந்தினி. அவ்வளவுதான்.

பிள்ளை அசந்து தூங்குகிற நேரத்தில் கயிற்றை அறுத்தான். அப்படித்தான் அந்த இரண்டு மணிக்கு அவன் அந்தச் சாலையில் போனது. சின்னக் குழிதானே, தோண்ட நேரமாகவில்லை. தாயத்தை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால்... ஒரு குழந்தை தும்மியது. ஒரே ஒரு தும்மல். காளிதாசன் திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தொட்டில் எப்போதும் போல உயர நின்றது. பிள்ளை நடுவில் காலை அகட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் ஒரு கிண்ணம் சோற்றையும் விடாமல் தின்றான். ஒரே மாதத்தில் கன்னம் வைத்துவிட்டது. மருதம்மாள் முனியாண்டிக்குப் பொங்கல் வைத்தாள்.

ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. "விக்னேசு... விக்னேசு..." என்று கையைத் தட்டினாலும் இல்லை. காதைச் சோதித்தார்கள், காதில் குறையில்லை. ஒரு நாள் மருதம்மாள் வாய் தவறி "வசந்தா" என்றுவிட்டாள்.

பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது.

காளிதாசன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அன்றிலிருந்து லாரியிலேயே படுத்துக்கொள்கிறான். வீட்டுக்குள் வருவதில்லை.

போன மாதம் மருதம்மாளோடு நானும் அங்கே போயிருந்தேன். சாந்தினி கிண்ணத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தது, கொழுகொழுவென்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிள்ளையைப் பார்த்துப் பயமில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

மருதம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "சாந்தினி, இது யாருடி?"

அவள் நிமிரவில்லை. உருண்டையை உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"எது இருக்கோ அதுக்கு ஊட்டறேன் அண்ணி."

அப்புறம் பிள்ளையின் பக்கம் குனிந்தாள்.

"வசந்தா, வாயத் தொற."