பேர் மட்டும் வேண்டாம்

ஆனைக்கரையிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீச்சர், எம்பேர நீங்க போடுற அந்தப் புஸ்தகத்துலருந்து எடுத்துருங்க."

மற்றவர் இங்கிலீஷ் பேராசிரியர் என்று பேச்சில் தெரிந்தது. "புனைபேர்ல எழுதுன பொம்பளைங்களத் தேடித்தான் இத்தன வருசமா அலையிறேன்க்கா. பழைய பத்திரிகையில உங்க கதையப் பாத்து அழுதுட்டேன். சொந்தப் பேரு வர வேணாமா?"

"நான் எழுதுனதயெல்லாம் எங்க வீட்டுக்காரரே அடுப்புல போட்டாரு. ஒண்ணும் மிச்சமில்லன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

"புஸ்தகம் இங்கிலீஷ்லதானே வருது. அவருக்கு வாசிக்கத் தெரியாதே."

"மகளுக்குத் தெரியும். அம்மா பேரு வந்துருக்குன்னு சந்தோசத்துல அவருகிட்டயே வாசிச்சுக் காட்டிருவா. அப்புறம் அந்த வீட்ல நான் உசுரோட இருக்க முடியாது."

மூத்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

பேராசிரியர் போனை எடுத்தார். பதிப்பகத்தில் யாரையோ கூப்பிட்டு மலையாளத்தில் பேசினார். "சொல்லிட்டேன்க்கா. எழுதியவரின் சொந்தப் பெயர் தெரியவில்லைன்னு போட்டுருவாங்க."

குமுளியில் இறங்கும் முன் மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கதைய எடுத்துராதீங்க, டீச்சர்."