செய்தியும் வேண்டுதலும்

— இல்லம்மா ரபாப், அது மட்டும் என்னால ஆகாது. வேற எது வேணாலும் கேளு.

— வேற என்ன மாமா கேக்கப் போறேன்? நாளைக்குக் கோர்ட்டுல, 'என் மகன் ஹாஸிம் கடல்ல மூழ்கி இறந்துட்டான்'னு ஒரே ஒரு வாக்கியம். பெத்தவர் வாயால வந்துட்டா கேஸ் முடிஞ்சிடும்னு வக்கீல் சொல்றாரு.

— ஒரு வாக்கியம்னு லேசா சொல்லிட்ட. என் வகுப்புல உக்காந்து படிச்சவதானே நீ? பேச்சு எத்தனை வகை, சொல்லு.

— இப்பவா மாமா?

— சொல்லேன்.

— ரெண்டு. ஒண்ணு செய்தி. கேக்கறவன் அதை உண்மைன்னும் சொல்லலாம், பொய்யின்னும் சொல்லலாம். இன்னொண்ணு மனசோட பேச்சு. கேள்வி, கட்டளை, வேண்டுதல், ஏக்கம். 'வா'ன்னு கூப்பிடறவனைப் பாத்து 'நீ பொய் சொல்ற'ன்னு யாராலயும் சொல்ல முடியாது. பாஸா?

— பாஸ். நாலு வருஷமா நான் அந்த ரெண்டாவதுலதான் குடியிருக்கேன். 'அல்லாஹ், என் புள்ளயக் கொண்டாந்து சேத்துடு'ங்கறேன். அதுல பொய் கிடையாது. நீ கேக்கறது செய்தி. கண்ணால பாக்காததை நான் எப்படிச் சொல்றது?

— வாத்தியாரே, காபி போடட்டுமா? ரபாப்புக்கும் சேத்து?

— போடு ஸனிய்யா. எனக்கு ரெண்டு கரண்டி சர்க்கரை.

— தெரியாதாக்கும். பாயசம் குடிக்கறதா காபி குடிக்கறதா நீங்க? ஆமா, இன்னிக்கு ஹாஸிம்கிட்டேருந்து போன் ஏதாச்சும் வந்துச்சா?

— இன்னும் வரல. வரும். அங்க இத்தாலில எங்கயோ மலைப்பக்கம் வேலையா இருப்பான், சிக்னல் கிடைக்காது. வருவான் ஸனிய்யா.

— சரி, சரி. நீங்க பேசிக்கிட்டு இருங்க.

— மாமி இன்னமும் கேக்கறாங்களா மாமா?

— ஒரு காலை தப்பினதில்ல. அந்தக் கேள்வி இருக்கறவரைக்கும் நான் எப்படிம்மா கோர்ட்டுல ஏறி நிக்கிறது? இந்த ரஷீத் ஊருல ஒரு வாய் பேசினா எல்லாருக்கும் கேக்கும். நான் வீடு திரும்பறதுக்குள்ள சேதி இவளுக்கு வந்து சேந்துடும். உன்னைக் கட்டிக்கறேன்னு சொல்ற தமன்ஹூர் மருந்துக்கடைக்காரருக்கு என்ன, அவ்ளோ அவசரமா?

— குத்தாதீங்க மாமா. லுத்ஃபி காத்திருப்பேன்னுதான் சொல்றாரு. அவசரம் அவருக்கில்ல.

— பின்ன? புருஷன் காணாமப் போயிட்டான்னு சொல்லி விவாகரத்து வாங்கிக்கயேன். அதுக்குச் சட்டம் இருக்கு. நான் குறுக்க வரமாட்டேன்.

— வக்கீலும் அதையேதான் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். ஹாஸிமை உதறிட்டுப் போனவளா நான் இந்த வாசப்படி இறங்க மாட்டேன். அவரோட விதவையா இறங்குவேன். நாலு மாசம் பத்து நாள் அவருக்காக இத்தா இருக்கணும் மாமா. ஒரு மூலையில உக்காந்து வாய்விட்டு அழணும். அப்புறம் லுத்ஃபியோ, யாரோ. இந்த வீட்டுல என்னை யாரு அழ விட்டீங்க? 'அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக'ன்னு ஒரு தடவை சொல்ல விட்டீங்களா? அது வேண்டுதல்தானே, செய்தி இல்லையே.

— அது இறந்தவங்களுக்குன்னே இருக்கற வேண்டுதல். முன்வாசல்ல வேண்டுதல் வந்தா கொல்லைவாசல்ல செய்தியும் நுழைஞ்சிடும்.

— அதனாலதான் நேத்து எதிர்வீட்டு மய்யித்துக்குப் போய், வழக்கப்படி சர்க்கரை போடாத காபிய நீட்டினதும் தொடாம எந்திரிச்சு வந்துட்டீங்களா? சாவு வீட்டுக் காபி நாக்குல பட்டா ஒட்டிக்கும்னு பயமா?

— கசக்கும், அதான்.

— மாமா, நான் ரவூஃப்கிட்ட பேசினேன்.

— எந்த ரவூஃப்?

— ஹாஸிம் இத்தாலிக்குப் போன படகு மூழ்கினப்ப பொழச்சவர். நம்பர் இப்பதான் கிடைச்சுது. எல்லாம் சொன்னாரு. விடியறவரைக்கும் ஹாஸிம் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாராம், அப்புறம் முடியலயாம். 'அந்தக் குளிர்காலத்துலயே வாத்தியாருக்குப் போன் பண்ணி அழுதேனே, உங்களுக்குச் சொல்லலியா'ன்னு என்னைக் கேட்டாரு. கண்ணால பாக்கலன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே மாமா.

— மெதுவாம்மா. அவ காதுல விழுந்துடும்.

— நாலு வருஷம். நான் பைத்தியக்காரியாட்டம் கடற்கரைக்குப் போய் நின்னேன்.

— தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உனக்குச் செஞ்சது அநியாயம்தான். கேளு, எங்க பாடத்துல ஒண்ணு உண்டு. விஷயமே தெரியாதவனுக்கு வெறுமனே சொன்னாப் போதும். சந்தேகப்படறவனுக்கு அழுத்திச் சொல்லணும். மறுக்கறவனுக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லணும். முப்பது வருஷமா புள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். போன் வந்துச்சான்னு கேக்கறவ இந்த மூணுல எதுல வருவா? எப்படிச் சொன்னாலும் அவ செத்துடுவா ரபாப். அந்த வாக்கியம் எனக்கு வரவே இல்ல.

— என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நகரு ரபாப், தட்டு சுடும். இந்தாங்க வாத்தியாரே.

— வை ஸனிய்யா. கோர்ட்டு விஷயம்தான், ஒண்ணுமில்ல. நீ ஏன் தரையில உக்கார்ற, முழங்கால் வலி... இது என்ன, சர்க்கரை போட மறந்துட்டியா?

— மறக்கல.

— என் கோப்பையிலயும் இல்ல மாமா. மாமி, உங்க கோப்பையிலயும்...

— மூணுலயும்தான் போடல. குடி, கண்ணு. அழணும்னியே, இங்கயே அழு. அல்லாஹ் என் ஹாஸிமுக்கு ரஹ்மத் செய்வானாக. நாளைக்குக் கோர்ட்டுக்கு மாமா வருவாரு, நானும் வரேன்.

— ஸனிய்யா... உனக்கு யாரு சொன்னா?

— நீங்கதான். அன்னிக்குப் போனை வச்சிட்டு 'ராங் நம்பர்'னீங்க. அப்புறம் கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு மொட்டை மாடிக்குப் போனீங்க. காயற துணிய எடுக்க நானும் பின்னாடியே வந்தேன். நின்ன நெலயிலயே தொழுது முடிச்சீங்க. குனியவும் இல்ல, நெத்தியத் தரையில வச்சு ஸஜ்தா செய்யவும் இல்ல. அது எந்தத் தொழுகைன்னு எனக்குத் தெரியாதா? செத்தவங்களுக்குத் தொழற ஜனாஸாவ ராங் நம்பருக்கு யாராச்சும் தொழுவாங்களா?

— நாலு வருஷமா தெரியுமா உனக்கு? அப்புறம் எதுக்குடி தெனமும் காலையில போன் வந்துச்சான்னு கேட்ட?

— கேட்டாத்தானே 'வருவான்'னு சொல்வீங்க. அந்த ஒரு வார்த்தை சொல்லும்போதுதான் உங்க முகத்துல உயிரு வரும், அதுக்குத்தான் கேட்டேன். பதிலுக்காக நான் ஒரு நாளும் கேக்கல வாத்தியாரே.