ஓஸ்வால்ட் வீட்டு வாசல்

டீக்கு இஞ்சியைத் தட்டித்தான் போட வேண்டும், மேடம். துருவிப் போட்டால் கசந்துவிடும். உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்கே டீ போட்டுப் பழகியவன், வாய் சும்மா இருக்கவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் ஹெர்பர்ட். கோலார் தங்கவயலில் ஓஸ்வால்ட் வீடும் எங்கள் வீடும் ஒரே லைனில் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கி வேலை பார்த்தவர்கள். அவன் சட்டம் படிக்கப் பெங்களூருக்கு வந்தான். நான் பீன்யாவில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராக வந்தேன். கம்பெனியை மூடியபோது எனக்குக் குடும்பம் என்று எதுவும் இல்லை. அவன் மனைவியும் அதற்கு முந்தைய வருடம் தவறிவிட்டிருந்தாள். "தனித்தனியா பொங்கித் தின்னு இன்னாடா ஆவப்போவுது, வந்துடு" என்று காக்ஸ் டவுனில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். சமையல், போன், கேட் எல்லாம் என் பொறுப்பு. கோர்ட் அவன் பொறுப்பு. இரண்டு கிழட்டுப் பயல்கள் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்புறம்தான் அந்த வழக்கு வந்தது. ஸ்ரீராம்புரத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்களுக்கு ஒதுக்கிய வீட்டு மனைகளைத் தலைவர்கள் தங்கள் மச்சானுக்கும் மாமனாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த விவகாரம், உங்களுக்குத் தெரியாததா. அதை விசாரித்து நடத்த ஓஸ்வால்ட்டைச் சிறப்பு வழக்கறிஞராகப் போட்டார்கள். முதலில் யாரும் அவனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதவியில் இருந்த மந்திரி மேலேயே அவன் குற்றப்பத்திரிகை கொடுத்தபோது ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்ததாக எதிர்க்கட்சி சின்னப்பா மேலும் கொடுத்தான். அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று பார்க்காமல் பிடிக்கிற ஆள் என்று பஸ் ஸ்டாண்டில், சலூனில், மீன் மார்க்கெட்டில் எங்கே பார்த்தாலும் அவன் பேச்சுதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருக்கவில்லை. இரண்டாம் பூசை முடிந்ததும் அந்தோனியார் கோயிலிலிருந்து ஜனங்கள் அப்படியே நடந்து எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் வருவார்கள். தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வருவார்கள். பூசைக்கும் அந்தோனியாருக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட விபூதியோடு வந்து நிற்பார்கள். நான் மொட்டை மாடி அறையில் அடுக்கியிருக்கும் நாற்காலிகளை இறக்கி வயதானவர்களுக்குப் போடுவேன். டீ கொடுப்பேன். ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மா வருவார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து தெருக் கூட்டுகிறவர். அவர் பெயருக்கு ஒதுக்கிய மனையில் இன்றைக்கு யாரோ நான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"மனை வராட்டியும் போவுதுண்ணா. நம்ம பக்கத்துல ஒருத்தர் கீறாருன்னு நெனைச்சா ராத்திரி தூக்கம் வருது."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். நான் செய்தது எல்லாமே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஓஸ்வால்ட்டுக்குக் கூட்டம் என்றால் கூச்சம். வெளியே வந்து கும்பிடு போட்டு, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவான். ஜனங்களுக்கு அது போதுமா? பேச ஒரு ஆள் வேண்டாமா? நான் பேசினேன். சார் ராகிக் களிதான் சாப்பிடுவார் என்றேன். அவனோ பிரியாணி என்றால் தட்டை வழித்து நக்குகிறவன். கார் வைத்திருந்தான், மூட்டு வலி. நேர்மையான ஆளுக்குக் கார் பொருந்தவில்லை என்று நான்தான் நச்சரித்து அதை விற்க வைத்தேன். பழைய ஸ்கூட்டரில் முனகிக்கொண்டே கோர்ட்டுக்குப் போனான். அதைப் பார்த்துச் சிக்னலில் ஜனங்கள் கும்பிட்டார்கள். "உன்னால என் முட்டி போச்சுடா ஹெர்பி" என்று திட்டுவான். நல்ல நாட்கள் அவை.

மழைக்காலம் வந்ததும் கூட்டம் குறைய ஆரம்பித்தது. கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை எல்லாம் இறக்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், குடையோடு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பால் பாக்கி கேட்க வந்தவர். டீ ஆறிப்போய், நானே குடித்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நம்பிக்கை என்பது அடுப்பு மாதிரி, யாராவது ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வாரம் ஓஸ்வால்ட் குளிக்கப் போன சமயத்தில் பின் சந்து வழியாகச் சுற்றி வந்து முன் ஜன்னலில் கல்லை விட்டது நான்தான். பழைய கேஸ் என்று தள்ளி வைத்திருப்பீர்கள், இதோடு முடித்துவிடலாம். யாருக்கும் அடிபடக் கூடாது என்று எல்லாம் பார்த்துத்தான் எறிந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே அடைத்துக்கொண்டது. டிராபிக் போலீஸ் வந்து கயிறு கட்டினார்கள். ஆரோக்கியமேரி அழுதுகொண்டே எனக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார்கள். நம்ம அண்ணாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் என்னிடம்தான் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வறுத்திருந்தேன். ஓஸ்வால்ட் தட்டைத் தொடவில்லை. சின்னப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஜெயராஜ் அன்று காலையில் வந்து ஆபீஸ் அறையில் அழுதுவிட்டுப் போயிருந்தான். சொன்னது அத்தனையும் பொய்யாம். மந்திரியின் ஆட்கள் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தார்களாம். ஓஸ்வால்ட் அதை வேறு வழியில் சரிபார்த்தும் விட்டிருந்தான். மந்திரி திருடன்தான், அதில் சந்தேகமில்லை. சின்னப்பா ஒன்றும் செய்யவில்லை.

"திங்கக்கெழம கோர்ட்ல சொல்லிடப் போறேன்டா" என்றான். "அதுக்கு மின்னாடி நாளைக்கு நம்ம ஜனங்ககிட்ட சொல்லணும். என்னை நம்புனவங்க டிவில பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது."

விலை போய்விட்டான் என்று பேசுவார்கள் என்றேன். பேசட்டும் என்றான். தப்பு நம்முடையது, ஒரு ஆளை ஒரு வருடமாகத் தெருவில் இழுத்திருக்கிறோம், அவன் பெண்டாட்டி கடைக்குப் போக முடியவில்லை என்றான். நான் ஆரோக்கியமேரியைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன் என்றான். வக்கீல் அல்லவா, எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருந்தான். கடைசியாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் ஒரு ஆள் இருக்க மாட்டான், யோசித்துப் பார் என்றேன். அதற்குச் சிரித்தான்.

"நல்லதாப் போச்சு போ. நாம ரெண்டு பேரும் நிம்மதியா டீ குடிக்கலாம்."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு படித்தவனுக்கு அந்த வாசலின் அருமை தெரியவில்லை. அப்புறம் மீனைச் சாப்பிட்டான். ருசியாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு கேட்டான், வைத்தேன்.

சாயந்திரம் மாரிக்குப்பத்தில் இருக்கும் அவன் அக்கா டோரதிக்குப் போன் செய்தேன். காலை ரயிலுக்கே வந்துவிடுங்கள், ஒரு வெள்ளைப் புடவையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோயிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது இந்தப் போனால்தான் என்று தெரியும். உங்கள் இன்ஸ்பெக்டர் அதைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அவர் மன்னிக்க வேண்டும். தங்கவயல்காரர்கள் நாங்கள் கல்யாணம் ஆனாலும் சாவு ஆனாலும் முதலில் ரயிலைத்தான் நினைப்போம். காலை ரயிலை விட்டால் அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்கள். தம்பி முகத்தைப் பார்க்காமல் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன நியாயம்? போஸ்ட்மார்ட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அடக்கம் செவ்வாய்க்கிழமைதான் நடந்தது. அக்கா மெதுவாகவே வந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நல்ல கூட்டம். வழக்கம் போல நாற்காலி எடுக்க மாடிக்குப் போனேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர் மேல், வாசல் படிக்கட்டுக்கு நேர் மேலே, குரோட்டன்ஸ் வைத்த சிமென்ட் தொட்டி ஒன்று இருந்தது. கீழே கதவு திறந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவன் படியில் வந்து நின்று, அன்றைக்கு உள்ளே ஓடாமல், தொண்டையைச் சரி செய்துகொண்டு பேச ஆரம்பித்தான்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. கனமான தொட்டிதான், ஆனாலும் விளிம்பில் இருந்ததால் ஒரு தள்ளு போதுமானதாக இருந்தது.

அவன் வலியை உணர்ந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் ஓடி வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேனே, அது நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். சத்தியமாக அழுதேன். எனக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். பக்கத்து மாடிக்கு இரண்டு பேர் தாவி ஓடினார்கள் என்று சொன்னேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஓஸ்வால்ட் சாரின் ஆள் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

சின்னப்பாவின் ஆட்கள் என்று ஜனங்களே முடிவு செய்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, கேட்டுப் பாருங்கள். தலையை மட்டும் ஆட்டினேன். ஜெயராஜ் அன்று மாலையே ஊரைவிட்டுப் போய்விட்டான், புத்திசாலி. சின்னப்பாவை உள்ளே வைத்தார்கள். இளைத்துவிட்டார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சர்க்கரை உள்ளவர், இளைப்பது உடம்புக்கு நல்லதுதான். ஜனங்கள் அவர் வீட்டைக் கொளுத்தியபோது மாடியில் மாட்டிக்கொண்ட வேலைக்காரர் ரவி இறந்தது எனக்குத் தெரியும். அதற்காக அந்த வாரமே பூசை வைத்தேன். தீ வைத்தது நான் இல்லை.

ஆனால் வாசலைப் பார்த்தீர்களா, மேடம்? இப்போது முன்பைவிட மூன்று மடங்கு கூட்டம். படத்துக்கு மாலை, மெழுகுவர்த்தி, மல்லிகை. சின்னக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். உயிரோடு இருந்து திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தால், இதே ஜனங்கள் அவன் ஸ்கூட்டர் மேல் சாணி அடித்திருப்பார்கள். அவன் பெயரை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். இனி எந்தச் சாட்சியாலும், எந்தத் தீர்ப்பாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. வாராவாரம் நான் படியில் நின்று அவனுடைய கடைசி நிமிஷத்தைச் சொல்கிறேன். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். உங்களைத்தான் நினைத்தார் என்று சொல்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. கேட்டுவிட்டு அழுகிறார்கள், என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் என்ன இருக்கிறது? நான் டீ போடுகிறவன்.

சின்னப்பாவை விட்டுவிடுவீர்கள், அதுவும் நியாயம்தான். ஓஸ்வால்ட்டும் அதைத்தான் விரும்பினான். நான் மறைக்கவில்லை; தொட்டியைத் தள்ளியது நான், முழு ஞாபகத்தோடு, யாரும் தூண்டாமல். இதையே நாளைக்கு மாஜிஸ்ட்ரேட்டிடமும் சொல்கிறேன், அவருக்கு நேரம் இருந்தால் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டியைத் தள்ளிய இடத்தைக் காட்ட என்னை வீட்டுக்கு மகஜருக்கு அழைத்துப் போவீர்கள் அல்லவா, அதைப் புதன்கிழமை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். புதன்கிழமை அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பூசை முடிந்த பிறகு. முகத்துக்குக் கறுப்புத் துணி எல்லாம் வேண்டாம், மேடம். அவ்வளவு பேரும் என்னைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.